கேள்வி மகளைப் பற்றி, பதில் மகனைப் பற்றி

கேள்வி: என் மகளுக்கு 4 வயது 3 மாதம். வாயை மூடுவதே இல்லை, அவ்வளவு பேச்சு. ஆனால் ‘ர’ மட்டும் வரமாட்டேன் என்கிறது. ரயிலை ‘லயில்’ என்பாள். மரத்தை அவள் எப்படிச் சொல்வாள் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, ‘மலம்’ என்றுதான் வரும். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தினமும் அரை மணி நேரம் உட்காரவைத்து ‘ர, ர’ என்று சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது என்னைக் கண்டாலே ஓடுகிறாள். நாக்குக்கு அடியில் ஜவ்வு ஒட்டியிருக்கும், வெட்டிவிட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். வெட்டலாமா? இதனால் படிப்பு பாதிக்குமா?

இவளுக்கு ஓர் அண்ணன், 7 வயது. அவனைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அமைதியானவன், எல்லா எழுத்தும் சுத்தமாக வரும். பேச ஆரம்பித்ததுதான் கொஞ்சம் லேட். இரண்டரை வயதுக்கு மேல்தான் வார்த்தைகள் வந்தன. அவன் அப்பாவும் அப்படித்தானாம். சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிடுவான். வகுப்பில் கவனமே இல்லை என்கிறார் டீச்சர். எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், என்ன படித்தாய் என்று கேட்டால் முழிக்கிறான். போன மாதம் இன்னொரு பையனின் பேனா இவன் பையில் இருந்தது. ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, “அது... அவன் குடுத்து... நான் இல்ல... அப்புறம் மணி” என்று உளறினான். பொய் சொல்லக்கூடத் தெரியவில்லையே என்று நாங்கள் சிரித்துவிட்டோம், பள்ளியில் தண்டனை கொடுத்தார்கள். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் குழம்புகிறான், ஒரே மொழியில் பேசுங்கள் என்றும் டீச்சர் சொன்னார். அதிருக்கட்டும், மகளுக்குத்தான் உங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு நாக்கை வெட்ட வேண்டாம், அரை மணி நேரப் பயிற்சியையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மகனைத்தான் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கூடிய சீக்கிரம். எல்லா எழுத்தையும் சுத்தமாகச் சொல்கிற பையனுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

முதலில் மகளின் கதையை முடித்துவிடுகிறேன், அது சின்னது.

‘ர’ கடினமான ஒலி. நாக்கு நுனி மேலே எழும்பி, அண்ணத்தின் முன்பகுதியைத் தொட்டும் தொடாமலும் அடித்துவிட்டு உடனே கீழே வர வேண்டும். ‘ல’வுக்கு நாக்கு அங்கே போய் ஒட்டி நின்றால் போதும். அதனால் குழந்தைகள் ‘ர’ வருகிறவரை பக்கத்து வீட்டு ‘ல’வையோ ‘ய’வையோ கடன் வாங்கிக்கொள்வார்கள். 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உண்டு. பெரும்பாலான மெய்யொலிகள் 5 வயதுக்குள் வந்துவிடுகின்றன என்றும், ரகர வகை ஒலிகள் அந்த வரிசையின் கடைசியில் நிற்பவை என்றும் அதில் தெரிந்தது. உங்கள் மகளுக்கு 4 வயது 3 மாதம்தானே ஆகிறது. நம்மில் எத்தனை பெரியவர்கள் ‘ழ’வைச் சொல்லாமலே வாழ்நாளை ஓட்டிவிடுகிறோம் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்!

ஓர் ஒலி வரவில்லை என்பதைவிட, பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதைத்தான் ஸ்பீச் தெரபிஸ்டுகளான நாங்கள் முதலில் பார்ப்போம். பெற்றோருக்குப் புரிவது கணக்கில்லை, உங்களுக்குப் பழகிவிட்டிருக்கும். புதிதாகப் பார்க்கிற ஒருவருக்குப் புரிகிறதா? 2 வயதில் பாதி, 3 வயதில் முக்கால்வாசி, 4 வயதில் ஏறக்குறைய முழுவதும் புரிய வேண்டும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. அவள் சொல்கிற ‘மலம்’ எது என்று வந்தவர்கள் எல்லோருக்கும் புரிந்ததால்தானே சிரித்தார்கள்? அப்படியானால் இவள் தேர்ச்சி. ‘க’வை ‘த’ என்பது, சொல்லின் கடைசிப் பகுதியை விழுங்குவது, அந்நியருக்குப் பாதிப் பேச்சு புரியாமல் போவது, இவையெல்லாம் 4 வயதுக்கு மேலும் இருந்தால் வேறு பேச்சு. இவளுக்கு ‘ர’ மட்டும்தான் என்றால், 6 வயதை நெருங்கும்போதும் வராவிட்டால் பார்க்கலாம். இப்போது வேண்டாம்.

ஜவ்வு விஷயம். நாக்கை உதட்டுக்கு வெளியே நீட்ட முடிகிறதா, மேலுதட்டை நக்க முடிகிறதா? ‘ல’ வருகிறதே, அதுவே போதும். நாக்கு நுனி மேலே போகிறது. கைக்குழந்தை பால் குடிக்கச் சிரமப்பட்டால் அந்த ஜவ்வை வெட்டுவதில் பொருள் உண்டு. பேச்சுக்காக வெட்ட வேண்டிய குழந்தைகள் மிகவும் குறைவு.

அப்புறம் அந்தச் சிரிப்பு. நாக்கைக் காட்டிலும் எனக்கு அதுதான் உறுத்துகிறது. 4 வயதுக் குழந்தைக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. தன் வாயிலிருந்து ஏதோ வேடிக்கையாக வருகிறது என்று மட்டும் தெரியும். அடுத்த முறை யாராவது ‘மரம் சொல்லு’ என்றால் பேச்சை மாற்றுங்கள். அவளே பேச்சோடு பேச்சாகச் சொன்னால், “ஆமா, பெரிய மரம். மரத்துல பறவை இருக்கு பாரு” என்று சரியான ஒலியை அவள் காதில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். திருப்பிச் சொல்ல வைக்காதீர்கள். படிப்பு பாதிக்குமா என்று கேட்டீர்கள். மொழி நன்றாக இருந்து ஓர் ஒலி மட்டும் தாமதமாக வருகிற குழந்தைக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை.

மகளின் கதை அவ்வளவுதான். இனி மகன்.

பேச்சு வேறு, மொழி வேறு. அன்றாடம் நாம் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம், அதில்தான் இவனைப் போன்ற பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். ஒலிகளை வாயால் உருவாக்குவது பேச்சு. எந்தச் சொல்லை எடுப்பது, எந்த விகுதியைச் சேர்ப்பது, எதை முன்னால் சொல்லி எதைப் பின்னால் சொல்வது, அடுத்தவர் சொன்னதிலிருந்து பொருளை எப்படிப் பிரித்தெடுப்பது, இதெல்லாம் மொழி. உங்கள் மகளுக்கு மொழி அருமையாக இருக்கிறது, பேச்சில் ஒரு சின்ன ஓட்டை. மகனுக்குப் பேச்சு சுத்தம். மொழி எப்படி இருக்கிறது என்று யாரும் இதுவரை பார்த்ததாகத் தெரியவில்லை. பேச்சில் உள்ள ஓட்டை காதில் விழும், ஊரே சொல்லும். மொழியில் உள்ள ஓட்டை காதில் விழாது. அது ‘கவனமில்லை’, ‘சோம்பேறி’, ‘அமைதியானவன்’, ‘பொய் சொல்கிறான்’ என்று வேறு வேறு பெயரில்தான் வெளியே தெரியும். உங்கள் கடிதத்தில் இவற்றில் மூன்று இருக்கின்றன.

கடிதத்தை வைத்து ஒரு குழந்தைக்கு நோய்ப்பெயர் சூட்டுவது என் வழக்கமில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வரிசையாக வைத்துப் பாருங்கள். வார்த்தைகள் இரண்டரை வயதுக்கு மேல். அப்பாவுக்கும் அதே தாமதம். சொன்ன வேலை பாதியில் நிற்கிறது. எழுத்து வருகிறது, பொருள் வரவில்லை. நடந்ததைச் சொல்லச் சொன்னால் துண்டு துண்டாக வருகிறது. இப்படி ஒரு பையன் என் முன்னால் உட்கார்ந்தால், வளர்ச்சி சார்ந்த மொழிக் குறைபாடு இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆட்டிசம் தெரியும், டிஸ்லெக்சியா தெரியும், இது யாருக்கும் தெரியாது. எங்கள் துறையிலேயே பல வருஷம் ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்பிக்கொண்டிருந்தோம். 2016, 2017-இல்தான் டோரதி பிஷப் என்ற ஆய்வாளரின் தலைமையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் கலந்து பேசி இந்தப் பெயருக்கு ஒப்புக்கொண்டார்கள், ஆங்கிலத்தில் டெவலப்மென்டல் லாங்குவேஜ் டிஸ்ஆர்டர், சுருக்கமாக டி.எல்.டி. காது நன்றாகக் கேட்கிறது, ஆட்டிசம் இல்லை, மூளையில் அடிபடவில்லை, அறிவு வளர்ச்சியில் பெரிய குறையும் இல்லை, ஆனாலும் மொழி மட்டும் பிடிபட மறுக்கிறது, அதனால் அன்றாட வாழ்க்கையும் படிப்பும் தடுமாறுகின்றன. இதுதான் அது. அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 100 பிள்ளைகளில் சுமார் 7 பேருக்கு இருக்கிறது. 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர்.

அந்த இரண்டு பேர் ஏன் கண்ணில் படுவதில்லை? அமெரிக்காவில் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரைச் சோதித்த ஆய்வு ஒன்று 1997-இல் வெளிவந்தது. மொழிக் குறைபாடு இருப்பதாகத் தெரிந்த பிள்ளைகளின் பெற்றோரில் 29 சதவீதம் பேரிடம்தான் அதற்கு முன் யாராவது அப்படி ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். மற்ற வீடுகளில் யாருக்கும் தெரியாது. உச்சரிப்பிலும் சிக்கல் இருந்த பிள்ளைகளுக்குத்தான் சிகிச்சை கிடைக்கிற வாய்ப்பு அதிகம் என்பதையும் அதே ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். கடிதத்தையே மகளுக்காகத்தானே எழுதினீர்கள்?

வீட்டிலேயே ஒன்றிரண்டு விளையாட்டு ஆடிப் பாருங்கள். இது சோதனை ஆகாது, நான் சொல்வது என்னவென்று உங்களுக்குப் புரிவதற்காக. இரண்டு பொம்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாய், ஒரு பூனை. “நாயைப் பூனை துரத்துது, செய்து காட்டு” என்று சொல்லுங்கள். முதலில் காதில் விழுவது நாய். உலக வழக்கமும் நாய் பூனையைத் துரத்துவதுதான். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று சொல்வது அந்த ஒற்றை ‘ஐ’ மட்டும். அதைப் பிடிக்காத பிள்ளை, நாயை எடுத்துப் பூனையைத் துரத்தவிடும். சிரித்துக்கொண்டே, தன்னம்பிக்கையோடு செய்யும்! இன்னொன்று: “கை கழுவுறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டு.” சொல் வந்த வரிசையிலேயே கேட்கிற பிள்ளை முதலில் கை கழுவப் போய்விடும். தினமும் இதே மாதிரி பத்து வாக்கியம் சொல்லி, ஏழில் அவன் தவறாகச் செய்தால், வீட்டில் அவனுக்கு என்ன பெயர் கிடைக்கும்? ‘சொன்ன பேச்சு கேட்க மாட்டான்.’

இப்படிப்பட்ட பிள்ளைகள் சமாளிப்பதில் கெட்டிக்காரர்கள், அதுவும் ஒரு தொல்லை. “செருப்பைப் போட்டுக்கிட்டு வா, கிளம்பலாம்” என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் கையில் பையும் சாவியும் இருக்கும். அதைப் பார்த்தே கிளம்பிவிடுவான். உங்களுக்கு அவன் வாக்கியத்தைப் புரிந்துகொண்டான் என்று தோன்றும். வகுப்பில் பக்கத்துப் பையன் நோட்டை எடுத்தால் இவனும் எடுப்பான். பார்த்துச் செய்ய எதுவும் இல்லாத இடத்தில்தான், அதாவது கதை, பாடப்புத்தகம், கரும்பலகையைப் பார்த்தபடி ஆசிரியர் சொல்லும் நீண்ட கட்டளை, இங்கேதான் மாட்டிக்கொள்வான். அதிகம் பேசாத பிள்ளை என்றால் ‘அடக்கமானவன்’ என்று ஒரு நல்ல பெயரும் சேர்ந்துவிடும். பேசக் கூச்சப்படுகிற பிள்ளையும் உண்டு, பேச வார்த்தை கிடைக்காத பிள்ளையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

நானும் ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். படம் காட்டிப் பெயர் கேட்டேன், எல்லாம் சரியாகச் சொன்னான். உச்சரிப்பும் நன்றாக இருந்தது. கூச்ச சுபாவம், வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவைத்தேன். மூன்று வருஷம் கழித்து, ஒரு வகுப்பில் இரண்டாம் முறை உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தான். நான் அன்று அவனை ஒரு கதை சொல்லச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். படத்தைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்பது மொழியைச் சோதிப்பது ஆகாது என்று அந்தப் பையன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

உங்கள் மகனின் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார், அதனால் இவனும் சரியாகிவிடுவான் என்று வீட்டில் சொல்வார்கள். 2 வயதில் சொற்கள் குறைவாக இருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போவதற்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுவார்கள், உண்மைதான். ஆனால் எட்டிப்பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள், 2 வயதில் யார் எந்தப் பக்கம் என்று சொல்வது கடினம். 5 வயது தாண்டியும் நீடிக்கிற மொழிச் சிக்கல் தானாக மறைவது அரிது. உங்கள் பையனுக்கு 7. காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது. இன்னொன்று, குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அது ஆறுதலுக்கான காரணம் ஆகாது. மொழிக் குறைபாட்டில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பதை இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாங்களே விசாரிக்கும்போது, அப்பா அம்மா எப்போது பேசினார்கள், பள்ளியில் எப்படி இருந்தார்கள் என்றுதான் கேட்போம். உங்கள் கணவரிடம் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். ‘சரியாகிவிட்ட’ பல அப்பாக்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு கொடுமையாக இருந்தது என்று என் அறையில் உட்கார்ந்துதான் முதல்முறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு மொழியால் வந்த குழப்பம் என்று டீச்சர் சொன்னதை நல்லெண்ணத்தோடு சொன்னதாக எடுத்துக்கொண்டு, மறந்துவிடுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு இருக்கிற பிள்ளைக்கு அது எந்த மொழியிலும் தெரியும். உங்களுக்கு இயல்பாக வருகிற மொழியை வீட்டிலிருந்து எடுத்துவிட்டால், தப்பும் தவறுமான இன்னொரு மொழிதான் அவனுக்கு மிஞ்சும், பாட்டி தாத்தாவோடு பேச்சும் நின்றுபோகும். செல்போனைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 2 வயதுக் குழந்தைக்குத் திரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் கீழே உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது நல்ல அறிவுரை. திரை ஓடும் வீட்டில் பேச்சு குறையும். ஆனால் போன் கொடுத்ததால் உங்கள் மகனுக்கு இது வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் சரியாகப் பேசிப் பழகாததால் வந்தது என்றும் சொல்லமாட்டேன். அதே வீட்டில், அதே அம்மாவிடம்தானே அந்த வாயாடி மகளும் வளர்கிறாள்?

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பயமுறுத்த எழுதவில்லை. படிப்பில்தான் முதலில் தெரியும். எழுத்தை ஒலியாக மாற்றுவது, ஒலியைப் பொருளாக மாற்றுவது, இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு என்று 1986-இல் இருவர் எளிமையாகச் சொன்னார்கள். கூட்டல் என்று அவர்கள் சொல்லவில்லை. பெருக்கலில் ஒன்று பூஜ்ஜியம் என்றால் விடையும் பூஜ்ஜியம். உங்கள் மகனுக்கு முதல் பாதி வருகிறது, அதனால் சின்ன வகுப்பில் தப்பித்துக்கொண்டிருக்கிறான். மேல் வகுப்புக்குப் போகப் போகக் கணக்குப் பாடம்கூட வாக்கியமாகத்தான் வரும்.

படிப்பைவிட எனக்குக் கவலை தருவது மைதானம். 7 வயதில் நட்பு என்பது ஓடிப் பிடிப்பது மட்டும் இல்லை. விதி பேச வேண்டும், வம்புக்குப் பதில் சொல்ல வேண்டும், கிண்டல் புரிய வேண்டும், ‘நான் செய்யல, அவன்தான்’ என்று வாதாட வேண்டும். வார்த்தை வருவதற்குள் ஆட்டம் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். சில பிள்ளைகள் ஒதுங்குவார்கள், சில பிள்ளைகள் கையை ஓங்குவார்கள். ஒதுங்குகிறவனை யாரும் என்னிடம் கூட்டிவருவதில்லை. பதின்வயதில் பதற்றம், மனச்சோர்வு, கேலிக்கு ஆளாவது, இவையெல்லாம் இந்தப் பிள்ளைகளிடம் மற்றவர்களைவிட அதிகம்.

கனடாவின் ஒட்டாவாவில் 1982-இல் 5 வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். 5 வயதில் உச்சரிப்புச் சிக்கல் மட்டும் இருந்தவர்கள் பின்னாளில் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். மொழிச் சிக்கல் இருந்தவர்கள் படிப்பிலும் வேலையிலும் பின்தங்கியிருந்தார்கள். முதல் கூட்டத்தில் உங்கள் மகள், இரண்டாவது கூட்டத்தில் உங்கள் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 25 வயதில் அவர்களிடம், உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மொழிச் சிக்கல் இருந்தவர்களின் பதில் மற்றவர்களின் பதிலிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. தங்களுக்கு ஏற்ற வேலையும் துணையும் தேடிக்கொண்டு நிறைவாகத்தான் இருந்தார்கள். ‘இவன் வாழ்க்கை அவ்வளவுதான்’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் செவித்திறன் பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் சத்தம் கேட்கும், சொற்களின் ஓரங்கள் மழுங்கிவிடும். ஆடியாலஜிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். மகளையும் கூடவே கூட்டிப்போய்விடுங்கள், செலவு ஒரு பயணம்தான். அதன் பிறகு மொழி மதிப்பீடு. நல்ல தெரபிஸ்ட் உங்கள் மகனைக் கதை சொல்ல வைப்பார், பொருளில்லாத நீளச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வார், இரண்டு மொழியிலும் எப்படி இருக்கிறான் என்று கேட்பார், பள்ளியிலிருந்து நோட்டைக் கொண்டுவரச் சொல்வார். படத்தைக் காட்டிப் பெயர் மட்டும் கேட்டுவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பினால் (அன்றைய நான்!) வேறொருவரைப் பாருங்கள். போவதற்கு முன் ஒரு வாரம், அவன் சொல்கிற வாக்கியங்களை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். திருத்தாமல், அவன் விட்ட இடங்களை விட்டபடியே. முப்பது வாக்கியம் இருந்தால் எனக்கு ஒரு மணி நேரச் சோதனைக்குச் சமம்.

மருந்து, டானிக், மூளைக்கு மாத்திரை என்று யார் என்ன விற்றாலும் வாங்காதீர்கள். ஆறு வாரத்தில் குணமாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இது வருஷக்கணக்கில் செய்கிற வேலை. சொற்களைப் பொருளோடும் ஒலியோடும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் பழக்குவோம், வாக்கிய அமைப்பை ஒவ்வொன்றாக எடுத்து விளையாட்டில் புகுத்துவோம், கதைக்கு எலும்புக்கூடு போடச் சொல்லிக்கொடுப்போம்: யார், எங்கே, என்ன ஆச்சு, அப்புறம், கடைசியில்.

வீட்டில் உங்கள் பங்கு கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், நடக்கப் போகிற வரிசையிலேயே சொல்லுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள்; எல்லாப் பிள்ளையும் ‘ம்’ என்றுதான் சொல்லும். ‘இப்ப என்ன பண்ணப் போற?’ என்று கேளுங்கள். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணுவதற்குள் பதிலை நீங்களே சொல்லிவிடாமல் இருப்பதுதான் இதில் ஆகக் கஷ்டமானது, என்னிடம் வருகிற பெற்றோர் பாதிப் பேர் நான்கிலேயே உடைந்துவிடுவார்கள். அவன் ‘அவன் குடுத்து’ என்றால், “ஓ, அவன் குடுத்தானா” என்று முழுமையாகத் திருப்பிக் கொடுங்கள். திருத்தமாக அல்ல, பேச்சின் அடுத்த வரியாக. படுக்கப் போகும்முன் ஒரே கதைப்புத்தகத்தைப் பல நாள் படியுங்கள்; புதுப் புத்தகம் தேவையில்லை, அதே சொற்கள் மீண்டும் வருவதுதான் அவனுக்கு வேண்டும்.

பள்ளிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முன்வரிசையில் உட்கார வைக்கட்டும், கட்டளையைத் துண்டாக்கிச் சொல்லட்டும், முடிந்தால் பலகையில் படமாகவோ ஒற்றைச் சொல்லாகவோ எழுதட்டும், வாய்மொழியாகக் கேள்வி கேட்டால் நேரம் கொடுக்கட்டும். டீச்சரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எழுத்து சுத்தமாக வருகிற பிள்ளைக்கு மொழிச் சிக்கல் என்று அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக அந்தப் பேனா. “அது... அவன் குடுத்து... நான் இல்ல... அப்புறம் மணி.” இதை உளறல் என்று எழுதியிருந்தீர்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். அந்தப் பையனே பேனாவைக் கொடுத்தான், நான் எடுக்கவில்லை, திருப்பிக் கொடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இப்படி இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், ஊகம்தான். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். இன்று சாயங்காலம் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் இரண்டு பையன்களும் ஒரு பேனாவும், கடைசிக் கட்டத்தில் ஒரு மணி. நடுக் கட்டத்தைக் காலியாக விட்டு, பென்சிலை அவன் கையில் கொடுங்கள்.